நிலமும் பொழுதும்: மலைவழி வகுத்தோர் வரலாறு

தமிழ்நிலத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்தைக் குறிக்கின்றது. அம்மலைத்தொடரின் தென்பகுதி நாகலாபுரம் குன்றுகளாய்த் தாழ்ந்து இறங்கும் அடிவாரத்தை ஒட்டியே இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அமைந்துள்ளது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கு அப்பால், வானம் தெளிந்த நாள்களில், மேற்றிசையில் நீலக்கோடாய்த் தோன்றுவன அக்குன்றுகளே. விடுமுறை நாள்களில் ஊத்துக்கோட்டை வழியாகவும் தடா வழியாகவும் இளைஞர் பலர் அங்குள்ள ஓடைகளையும் அருவிகளையும் நாடிச் செல்கின்றனர். செயற்கைக்கோள் தரும் வழிக்கோடு அவர்களுடைய கைப்பேசியில் இருக்கின்றது.

இதே வேங்கட மலைவழிகளைக் கடந்து, மொழி வேறுபட்ட நாட்டிற்குப் பொருள்தேடிச் சென்ற தலைவர்களை அகநானூற்றில் மாமூலனார் முதலிய புலவர்கள் பாடியுள்ளனர். அன்று சென்றவனுக்கு வழிக்கோடு இல்லை. வழி சொல்வார் சொல் ஒன்றே துணை. மலைவழியை ஆராய்ந்து, வகுத்து, பிறருக்கு உரைக்கும் கலை நம்மவர்க்கு எவ்வாறு இருந்தது, அது எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தில் நாம் இழந்தது யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று வகுத்தவை இரண்டு: நிலமும் பொழுதும். கவிதைக்கு இலக்கணமாகக் கற்கப்படும் இப்பாகுபாடு, மலைவழி வகுப்போர்க்கும் அடிப்படை விதியாகும். நிலத்தை மட்டும் சொல்லிப் பொழுதைச் சொல்லாத வழி, பாதி வழியே. அம்மறுபாதியை மறந்ததற்கு நம் காலத்திலேயே உயிர்விலை கொடுக்க நேர்ந்தது.

மலைபடுகடாம் வகுக்கும் வழி

பத்துப்பாட்டின் இறுதிப்பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. கூத்தராற்றுப்படை என்ற பெயரும் இதற்கு உண்டு. இதனைப் பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்தை ஆண்ட நன்னன்சேய் நன்னன். செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் ஆகும். பாடலில் இடம்பெறும் நவிரமலையைப் பர்வதமலை என்று அறிஞர் அடையாளம் கண்டுள்ளனர். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889-இல் பதிப்பித்த பின்னரே இந்நூல் பலர் கைக்கும் எட்டிற்று.

ஆற்றுப்படை நூல்களைப் புரவலனின் கொடைச்சிறப்பைப் பாடுவனவாகவே பெரிதும் கற்பிக்கின்றோம். மலைபடுகடாத்தையோ மலைவழித் திட்டமாகவும் படிக்கலாம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தனிடம் தான் உரைக்கப்போவன இவை என்று முதலிலேயே வரிசைப்படுத்துகின்றான். வழியின் அளவு, தங்கி இளைப்பாறத்தக்க இடங்கள், அந்நாட்டில் கிடைக்கும் உணவு, மலையும் சோலையும் விலங்கு திரியும் காடும் ஆகிய இவை அவ்வரிசையில் அடங்கும். தொலைவு, தங்குமிடம், உணவு, நிலத்தன்மை, விலங்கு என்று இன்றைய மலையேற்றக் குழுவினர் தாளில் எழுதிக்கொள்ளும் தலைப்புகளும் ஏறத்தாழ இவையே.

அவன் கூறும் எச்சரிக்கைகள் பொதுவான அறிவுரைகள் அல்ல. தினைப்புனத்தை மேயவரும் பன்றிகளுக்காகக் குறவர் வழியோரங்களில் கற்பொறிகளை அமைத்துள்ளனர். இருளில் அவை கண்ணுக்குப் புலப்படா. ஆதலால் இரவைக் கழித்து, விடிந்தபின் செல்லுங்கள் என்கின்றான். பலரும் நடவாத வழியில் பரற்கற்கள் நிறைந்த வெடிப்புகளில் பாம்புகள் மறைந்து கிடக்கும். குறிப்பறிந்து செல்லுங்கள் என்கின்றான். புனங்காப்போர் யானையை ஓட்டக் கவணில் எறியும் கற்கள் மரக்கிளைகளை மோதிப் பாய்ந்து வரும்; அவ்விடத்து மரங்களின் பின் மறைந்து செல்லுங்கள் என்கின்றான். நீர் கசியும் இடங்களில் நுண்ணிய பாசி படிந்து கால் வழுக்கும். அங்கே மெல்லிய மூங்கிற்கோலையும் எருவைக் கோலையும் பற்றிக்கொண்டு கடந்து செல்லுங்கள் என்கின்றான். எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதுவரை சொல்லும் வழியுரை அது. அவ்வழியே கால் வழுக்கி நடந்தவனால் மட்டுமே அதனைச் சொல்ல இயலும்.

இடர்தோறும் பொழுதும் உடன் வருவதைக் காணலாம். பொறியுள்ள வழிக்கு விடியலுக்குப் பிந்திய நேரம். இருள் கவிந்தால் சொந்த வீட்டிற்குள் புகுவதுபோலப் புகுந்து தங்குவதற்குக் கற்குகை. வைகறையில் விழித்தெழுந்து மீண்டும் நடை. 'இவ்விடத்தை இப்பொழுதில் கட' என்பதே அவன் உரையின் அமைப்பு.

வழி தவறினால் செய்வது என்ன என்பதற்கும் அவனிடம் விடை உண்டு. அகன்ற பாறையொன்றில் எல்லாரும் கூடி நின்று இசைக்கருவிகளை முழக்குங்கள். காட்டைக் காத்து உறையும் கானவர், ஆற்றுத்துறையில் நிலைதவறி நீரில் வீழ்ந்தோரைக் காக்க ஓடிவருவார்போல விரைந்து வருவர் என்கின்றான். சிதறாதிருத்தல், ஒலியால் இடமறிவித்தல், அம்மலையில் வாழ்வோரின் உதவியை நாடுதல் என்னும் இம்மூன்றும் இன்றும் மலைமீட்புப் பயிற்சியின் முதற்பாடங்களாக உள்ளன.

யாவற்றினும் நெஞ்சைத் தொடுவது மற்றொரு குறிப்பு. முன்பின் அறியாத நிலத்திற் புதியராய்ச் செல்வோர், வழிகள் பிரியும் இடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து வைத்துச் செல்ல வேண்டும். பின்னே வருவோர் எவ்வழியிற் செல்வது என்று மயங்காதிருக்கும் பொருட்டு இது கூறப்பட்டது. முன்சென்றவனுக்கு அந்தப் புல்முடிச்சால் பயன் ஒன்றும் இல்லை. வழிச் செய்தி என்பது தன் சாதனையைப் பறைசாற்றுவதற்கன்று, பின்வருவார்க்குக் கடனாக விட்டுச் செல்வதற்கே உரியது என்னும் அறம் அம்முடிச்சில் அடங்கியுள்ளது.

மாங்காட்டு மறையோன் சொல்

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலும் வழியுரை ஒன்று உண்டு. உறையூரை விட்டு மதுரை நோக்கிச் செல்லும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கின்றனர். அவன் திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் காணப் புறப்பட்டு வந்தவன். மதுரைக்கு வழி யாது என்று கோவலன் வினவ, கொடும்பாளூரை அடுத்து வழி சூலம்போல் மூன்றாகப் பிரிவதையும், வலப்புறம் சிறுமலை வழியாகவும் இடப்புறம் திருமால்குன்றம் வழியாகவும் இரண்டிற்கும் நடுவாகவும் செல்லும் வழிகளின் இயல்பையும் அவன் விரித்துரைக்கின்றான்.

ஆயினும் அவன் தொடங்குவது வழியிலிருந்து அன்று, பருவத்திலிருந்தே. வேனிலும் வெங்கதிரும் கூடித் தாக்க, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவம் கொள்ளும் காலத்தில் இப்பெண்ணையும் உடன் அழைத்து வந்தீர்களே என்று இரங்கிய பின்னரே மூன்று வழிகளையும் கூறுகின்றான். பாலை என்பது தனிநிலம் அன்று, பொழுதால் நிலம் எய்தும் நிலையே என்னும் இக்கருத்தை இலக்கியக் கோட்பாடாகவே மாணாக்கர்க்கு உரைத்து வருகின்றோம். மறையோன் வாயில் அது கோட்பாடாக வரவில்லை. மாசியில் நடக்கத்தக்க மலைச்சரிவு சித்திரையில் நடக்கத் தகாததாய் மாறக்கூடும் என்று வழிநடப்போரை நேர்நின்று எச்சரிக்கும் சொல்லாகவே வருகின்றது.

அளவைச் சங்கிலி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழியறிவின் வடிவமே மாறியது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைக்கு அருகில் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில், வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின் இருமுனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றுகளை நோக்கிக் கோணம் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதும் வலைவிரிக்கும் பணி அவ்வாறு தொடங்கிற்று. கோணமளக்கும் கருவி அரை டன் எடையுள்ளது. குன்றில்லாத சமவெளிகளில் கோயிற் கோபுரங்களே குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அக்கருவியை மேலேற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் பொறுமையுடன் அதனைச் சீர்செய்து பணியைத் தொடர்ந்தார்.

1818-இல் 'மாபெரும் முக்கோண அளவை' என்று பெயர்பெற்ற அப்பணி, 1823-இல் லாம்டன் மறைந்த பின் ஜார்ஜ் எவரெஸ்டின் பொறுப்பில் வடக்கே இமயம்வரை சென்றது. கொடுமுடி 15 என்று குறிக்கப்பட்ட சிகரமே உலகில் உயர்ந்தது என்பதை வங்காளக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தார் 1852-இல் கணக்கிட்டறிந்தார். 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை உலகிற்கு உரைத்த கணக்கின் வேர், சென்னைக்கு அருகிலுள்ள ஒரு சமவெளியில் இருந்தது என்பது நம் பகுதியார் பெருமையுடன் நினைவுகூரத்தக்க செய்தியாகும்.

அளவையாளர்கள் தாம் பணிசெய்யும்போது பொழுதை மிகக் கூர்ந்து நோக்கினர். வேனிற்காலத்துக் கானல் கோணத்தைப் பிறழச் செய்யும். மழை தூசியைக் கழுவியபின் காட்சி தெளிவாகும். ஆனால் அப்பருவமே காட்டுக் காய்ச்சலின் பருவமும் ஆகும். 1819-இல் கிருட்டிணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டில் மழைக்காலத்திற் பணியாற்றிய எவரெஸ்டும் அவர் குழுவினரும் காய்ச்சலில் வீழ்ந்தனர். இவ்வாறு பொழுதோடு போராடி வரையப்பட்ட நிலப்படத்தில் பொழுது எஞ்சவில்லை. இந்திய நில அளவைத் துறையின் படத்தாள்களில் வற்றும் ஓடை கருநிறத்திலும் வற்றாத நீர் நீலநிறத்திலும் வரையப்படும். பருவத்தைப் பற்றி அப்படம் கூறுவது ஏறத்தாழ அவ்வளவே. சமவுயரக் கோடுகள் கார்காலத்திலும் வேனிலிலும் ஒரே வடிவில் கிடக்கின்றன. அக்கோடுகளின்மேல் வளர்ந்த புல் எப்பொழுது பசுமையாயிருக்கும், எப்பொழுது காய்ந்து எரிபொருளாகும் என்பதை அவை சொல்வதில்லை.

இது நிலப்படத்தின் குறையன்று; அது ஏற்றுக்கொண்ட பணி நிலத்தை அளப்பது. நிலப்படத்தையே முழுவழி என்று கொள்வோரின் குறையே இது.

ஆல்ப்சு மலையின் பாடம்

மலையேற்றத்தை ஒரு துறையாக வளர்த்த ஐரோப்பியரும் இப்பாடத்தை இழப்பின் வாயிலாகவே கற்றனர். ஆல்ப்சு மலைத்தொடரின் மிகவுயர்ந்த மோன் பிளாங்க் சிகரத்தில் 1786-இல் முதன்முதலாக ஏறியவர்கள், அடிவாரத்துச் சாமொனி ஊரைச் சேர்ந்த பால்மா, பக்கார் என்னும் இருவர். 1820-இல் அச்சிகரத்தை நோக்கி ஏறிய குழுவொன்றின்மேல் பனிச்சரிவு வீழ்ந்து, உள்ளூர் வழிகாட்டிகள் மூவர் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டு, 1821-இல், சாமொனியின் வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். எவர் வழிகாட்டத் தக்கவர், அவர்க்குரிய ஊதியம் யாது, துயருற்ற குடும்பத்திற்குத் துணை யாது என்பன ஒழுங்கு பெற்றன.

இலண்டனில் ஆல்ப்சு மலையேற்றச் சங்கம் 1857-இல் தோன்றியது. வழிநூல்கள் பல வெளிவந்தன. அம்மலைகளில் நிலைபெற்ற வழக்கம் ஒன்று இங்குக் கருதத்தக்கது. நள்ளிரவு கடந்ததும் விளக்கேந்திப் புறப்பட்டு, கதிரவன் வெம்மையால் பனி இளகுவதற்கு முன் இடர்மிகு சரிவுகளைக் கடந்து திரும்ப வேண்டும் என்பது அவ்வழக்கம். நன்னனின் மலையில் விடிந்தபின் செல்க என்பது விதி; ஆல்ப்சு மலையில் விடியுமுன் செல்க என்பது விதி. நேரங்கள் மாறுபட்டன, நிலத்தோடு பொழுதைச் சேர்த்தே வழியை வகுக்க வேண்டும் என்னும் அறிவு மாறுபடவில்லை. ஆதலால் ஒரு மலையின் வழிமுறையை மற்றொரு மலைக்கு அப்படியே பெயர்த்துக்கொள்ளவும் இயலாது. அந்தந்த மலையின் பொழுதை அந்தந்த மலையில் வாழ்வோரே அறிவர்.

குரங்கணியில் நேர்ந்தது

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற இரு குழுவினர், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில், காய்ந்த புல் மண்டிய சரிவில் தீயின் நடுவே அகப்பட்டனர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் இளம்பெண்கள் பலர்.

அவர்கள் வழி தெரியாமல் மாண்டவர் அல்லர். குரங்கணி–கொழுக்குமலை வழி பலரும் நடந்து பழகிய வழி. மலை அங்கேயே இருந்தது; தடமும் அங்கேயே இருந்தது. மாறியிருந்தது பொழுது ஒன்றே.

தமிழ் ஆண்டுக் கணக்கில் அந்நாள் மாசித் திங்களில் அமைந்தது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பாலைக்குரிய பெரும்பொழுதாக வேனிலைக் கூறிய தொல்காப்பியர், பின்பனியும் அதற்கு உரியது என்று தனியே எடுத்துரைத்தார். பனி என்னும் பெயர் தாங்கிய பருவம் வெந்து வறண்ட பாலைக்கு எவ்வாறு பொருந்தும் என்று ஐயுறும் மாணாக்கர் இன்றும் உளர். மாசித்திங்களின் மலைப்புல்லே அதற்கு விடை. இரவிற் பனி பெய்தாலும், மழை நின்று திங்கள் பல கழிந்தமையால் பகலில் அப்புல் சருகாகவே நிற்கும்.

அவ்விபத்திற்குப் பின் 2018-ஆம் ஆண்டிலேயே காட்டுப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாட்டரசு வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் மாநிலம் முழுவதிலும் 40 மலைவழிகளை அறிவித்து, அரசே மலையேற்றத் திட்டமொன்றைத் தொடங்கியது. வழிகள் எளியன, இடைநிலையின, கடியன என வகைப்படுத்தப்பட்டன. பழங்குடியினரும் காட்டையடுத்த சிற்றூர்களின் இளைஞரும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். 2025-இல் தீப்பருவம் கருதி அவ்வழிகள் பெப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டன. அந்நாள்கள் ஏறத்தாழ மாசி, பங்குனித் திங்கள்களே. தொல்காப்பியர் பாலைக்கு உரியதாக்கிய பின்பனிக் காலமே. நிருவாக ஆணையும் இலக்கண நூற்பாவும் ஒரே பருவத்தைச் சுட்டி நிற்பது தற்செயலன்று. இரண்டும் இம்மண்ணின் புல்லைப் பார்த்தே சொல்லப்பட்டன.

குடியம் வழி

அரசு அறிவித்த 40 வழிகளுள் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பாலுள்ள அல்லிக்குளிக் குன்றுப் பகுதியில் அமைந்த குடியம் குகைகளுக்குச் செல்லும் வழி அது. 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூசு பூட் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, அவ்வாண்டிலேயே வில்லியம் கிங்குடன் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அகழ்ந்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வு நிறுவியது. குடியம் குகையிலும் 1960-களின் முற்பகுதியில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது.

முட்செடிகளும் உருண்டைக் கூழாங்கற்களும் நிறைந்த அவ்வழியில் நடப்போர் காலடியில், தொல்மாந்தர் செதுக்கிய கற்கள் இன்றும் கிடக்கக்கூடும். அவர்களும் நிழல், நீர், கருவிக்கேற்ற கல் ஆகியவற்றை நோக்கியே தம் நடையை வகுத்திருக்க வேண்டும். மலைபடுகடாத்துக் கூத்தன் இரவுத் தங்கலுக்குக் கற்குகையைச் சுட்டியதன் பின்னே, எண்ணத்தொலையாத் தலைமுறைகளின் இவ்வறிவு நிற்கின்றது எனலாம்.

இன்று அவ்வறிவின் எச்சம் யாரிடம் உள்ளது? இம்மாவட்டத்தின் இருளர் குடிகளிடமும், ஆடுமாடு மேய்க்கும் முதியோரிடமும், விறகும் தேனும் மூலிகையும் நாடிக் குன்றேறியோரிடமும் உள்ளது. எந்தச் சுனை எத்திங்களில் வற்றும், எந்த ஓடை மலைமேற் பெய்த மழையால் திடீரெனப் பெருகும், எந்தச் சரிவிற் புல் முதலிற் காயும் என்பன அவர்கள் அறிந்தவை. இவை எழுத்தில் இல்லை. தேர்வாய்க்கண்டிகை முதலிய இடங்களில் தொழிற்பேட்டைகள் விரிந்து, அடுத்த தலைமுறை ஆலைப் பணிக்குச் செல்லும் இந்நாளில், கேட்பார் இன்மையால் அவ்வறிவு சொல்வாரோடே மறைந்து வருகின்றது. இழப்பு ஓசையின்றி நிகழ்வதால் அது செய்தியாவதில்லை. குரங்கணியைப்போல் ஒருநாள் அது செய்தியாகும்போது காலம் கடந்துவிடும்.

இலக்கிய வட்டங்களுக்கு இதில் பணி உண்டு. மலைபடுகடாத்தைப் பாடியவர் நில அளவையாளர் அல்லர், புலவர். குன்றின் பெயரையும் சுனையின் பெயரையும் அவற்றிற்குரிய திங்களையும் நேரத்தையும் முதியோர்வழிக் கேட்டுத் தொகுப்பது புலவர்க்கும் தமிழாசிரியர்க்கும் இயன்ற தொண்டு. பெயர்களைத் திருத்தாமல், அவர்கள் ஒலிப்பில் வழங்கியவாறே எழுத வேண்டும். சொன்னவர்க்கே அச்சொல்லின் உரிமையும் பெருமையும் சேர வேண்டும். அவ்வாறு தொகுத்த ஒவ்வொரு வழிக்குறிப்பும், இவ்வழியில் இத்திங்களில் செல்லலாகாது என்று சொல்லும் துணிவையும் பெற்றிருக்க வேண்டும்.

செல்லலாம் என்று சொல்வது எளிது, கேட்போர் மகிழ்வர். செல்லற்க என்று உரிய பொழுதில் சொல்பவனே வழி அறிந்தவன். மாங்காட்டு மறையோன் வழியைச் சொல்லுமுன் பருவத்தைக் கூறி இரங்கினான். மலைபடுகடாத்துக் கூத்தன், விடியும்வரை பொறுத்திருங்கள் என்றான். பிரியும் வழியில் முடிந்து வைக்கப்படும் புல்லோடு அந்தச் சொல்லும் சேர்ந்திருந்தால்தான், பின்வருவார் போய்ச் சேர்வதோடு மீண்டும் வருவர்.